குசினி எந்தப் பக்கம்?

கிளிநொச்சி

அன்புள்ள மருமகளுக்கு,

நீ மொறட்டுவையிலிருந்து அனுப்பின வரைபடத்தை நாலைந்து தரம் பார்த்தேன். கோடுகள் நல்ல சுத்தம். ஆனால் குசினியைத் தென்மேற்கு மூலையில் வைத்திருக்கிறாய். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் அடுப்புப் புகை முழுக்க வீட்டுக்குள்தான் வரும், பிள்ளை.

ஓவசியராக இருந்த நானே இதே பிழையை விட்டவன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்கு நான்தான் படம் கீறிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால், அந்த அக்கா குசினி யன்னலைத் தகரத்தால் அடைத்துவிட்டு வேம்புக்குக் கீழே மூன்று கல் வைத்துச் சமைக்கிறா. "பரவாயில்லைத் தம்பி, குசினிக்குள்ள நெல்லு மூட்டை அடுக்கியிருக்கிறன்" என்றா. ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திராது.

இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் குடும்பத்தின் கைக்கே வந்தது. அது காணாமல் கடன்பட்ட சனமும் உண்டு. ஆனாலும் கல்லையும் மணலையும் தாங்களே பார்த்து வாங்கி, மேசனையும் தாங்களே பிடித்தார்கள்; வாசல் எந்தப் பக்கம் என்று அவனோடு சண்டை பிடிக்கவும் முடிந்தது. 2016 அளவில் 65,000 இரும்பு வீடு கட்டித் தரப்போகிறார்களாம் என்று கதை வந்தபோது எல்லாரும் வெக்கையைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: நாளைக்கு ஒரு அறை கூட்டிக் கட்ட ஊர் மேசனால் ஏலுமா?

உங்கள் கட்டடக்கலை வகுப்பில் ஜெப்ரி பாவாவைத்தான் சொல்லுவார்கள். பெரிய ஆள்தான், படி. மினெட் டி சில்வாவையும் தேடிப் படி. 1950களில் கண்டி வட்டப்புலுவ வீட்டுத்திட்டத்துக்கு, குடியிருக்கப்போகிற குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அவ வரைந்தவ.

உன் மண்கல் சுவர் எனக்குப் பிடித்திருக்கு. ஆனால் தாவாரம் ஒன்றரை அடி காணாது, மூன்றடியாவது இறக்கு. மார்கழிச் சாரல் சுவரைக் கரைத்துப்போடும். பனஞ்சிலாகை என்றால் வெட்டுமுகத்தைப் பார்த்து எடுக்கவேணும். கறுப்பு நார் நெருக்கமாக இருந்தால் வைரம். வெள்ளைச் சோற்றி தெரிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

லீவுக்கு வா, அந்த அக்கா வீட்டுக்குப் போவோம். பகல் பதினொரு மணிக்குப் போனால்தான் சரி, அடுப்பெரிகிற நேரம்.

அன்புடன்,
மாமா