வெள்ளெழுத்துக் கண்ணாடியா, லென்ஸ் மாற்று அறுவை சிகிச்சையா?



நாற்பது வயதைத் தாண்டியதும் குர்ஆனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஓதத் தொடங்குகிறோம். மாத்திரை அட்டையில் உள்ள தேதியைப் படிக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். ஊசியில் நூல் கோர்க்க முடிவதில்லை. இதுதான் வெள்ளெழுத்து. இது நோயல்ல. முடி நரைப்பதைப் போல வயதோடு எல்லோருக்கும் வருவது.

"இனி கண்ணாடியே வேண்டாம், கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துக்கொள்ளலாம்" என்ற விளம்பரங்களை இப்போது நம் ஊரில் அடிக்கடி பார்க்கிறோம். அதற்காக நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களும் உண்டு. முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

சிறு வயதில் கண்ணின் லென்ஸ் மென்மையாக இருக்கும். அருகில் உள்ளதைப் பார்க்கும்போது அது தானாகவே தடித்து, பார்வையைக் கூர்மையாக்கும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகிவிடுவதால் அந்த வேலையைச் செய்ய முடிவதில்லை. எனவேதான் நாற்பதை ஒட்டி பிளஸ் 1 அளவில் தொடங்கும் கண்ணாடி, அறுபது வயதுக்குள் பிளஸ் 2.5 வரை ஏறுகிறது. கண்ணாடி போடுவதால் பவர் ஏறுகிறது என்பது தவறான நம்பிக்கை. போட்டாலும் போடாவிட்டாலும் ஏறத்தான் செய்யும். இதே லென்ஸ் பின்னாளில் மங்கிப்போனால் அதைக் கண்புரை என்கிறோம்.

அறுவை சிகிச்சை என்பது என்ன?

லென்ஸ் மாற்று அறுவை, கண்புரைக்குச் செய்யும் அதே அறுவைதான். மரத்துப்போகச் சொட்டு மருந்து இட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே கீறி, ஒலி அலையால் லென்ஸைக் கரைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். அது இருந்த மெல்லிய பைக்குள் மடித்த செயற்கை லென்ஸைச் செலுத்துகிறார்கள். ஒரு கண்ணுக்குப் பெரும்பாலும் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கண்புரையில் கெட்டுப்போன லென்ஸை எடுக்கிறார்கள்; இங்கே தெளிவாக உள்ள லென்ஸை எடுக்கிறார்கள். முடிவெடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய வேறுபாடு இது.

இந்த மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் மருத்துவம் பார்த்த மோசுல் நகரத்து அம்மார் இப்னு அலீ, துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கும் வேலையை 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் ஹரால்ட் ரிட்லி தொடங்கினார். நம் தமிழகத்தில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992-இல் ஆரோலேப் உருவானது. இறக்குமதி லென்ஸ் வாங்க முடியாத ஏழைகளுக்கும் குறைந்த விலையில் லென்ஸ் கிடைக்க அது வழிசெய்தது. பார்வை இழந்தவர்களுக்குப் பார்வை தரவே இத்தனை உழைப்பும் நடந்தது. கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக மட்டும் இதே அறுவையைச் செய்துகொள்வது பிற்காலத்தில் வந்த பழக்கம்.

லென்ஸ் வகைகள்

ஒற்றைக் குவிய லென்ஸ்: பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைக்கப்படும். படிக்கக் கண்ணாடி தேவைப்படும். பார்வை தெளிவாகவும் இரவில் தொந்தரவு குறைவாகவும் இருக்கும்.

பல குவிய லென்ஸ்: வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் அருகுக்கும் பிரித்துத் தருகிறது. கண்ணாடியின் தேவை வெகுவாகக் குறையும். ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளி வளையம் தெரியலாம். மங்கலான வெளிச்சத்தில் தெளிவு குறையலாம். பாலக்காட்டுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இரவில் வண்டி ஓட்டும் சகோதரர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

நீட்டித்த குவிய லென்ஸ்: தூரமும் கம்ப்யூட்டர் தொலைவும் நன்றாகத் தெரியும். பொடி எழுத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி வேண்டும்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை அருகுக்கும் அமைக்கும் முறையும் உண்டு. இது ஒத்துவருமா என்று முன்னதாகவே காண்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாட்கள் பார்த்துவிடலாம். செலவு குறைந்த இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

யாருக்குப் பயன்? யாருக்கு வேண்டாம்?

ஐம்பதைத் தாண்டி, தூரத்துக்கே அதிக பிளஸ் பவர் போடுபவர்களுக்கும், கண்ணின் முன்பகுதி குறுகலாக இருந்து கண் அழுத்தம் உயரும் அபாயம் உள்ளவர்களுக்கும், புரை தொடங்கியவர்களுக்கும் இந்த அறுவை நல்ல பலன் தரும்.

அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு, அதுவும் வயது குறைவாக இருந்தால், அறுவைக்குப் பின் விழித்திரை விலகும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், கண் வறட்சி கடுமையாக உள்ளவர்கள் ஆகியோருக்குப் பல குவிய லென்ஸ் பெரும்பாலும் பொருந்தாது. இளமையில் லேசிக் செய்தவர்களுக்கு லென்ஸ் பவர் கணக்கிடுவது கடினம். பழைய பரிசோதனைச் சீட்டுகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான ஒன்று: எடுத்த லென்ஸைத் திரும்ப வைக்க முடியாது. கண்ணுக்குள் கிருமித் தொற்று ஏற்படுவது அபூர்வம். ஆனால் ஏற்பட்டால் பார்வையே போகலாம். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, லென்ஸ் இருக்கும் பை மங்கலாகி லேசர் தேவைப்படுவதும் உண்டு.

கண்ணாடியைக் குறைவாக எண்ண வேண்டாம்

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2018-இல் அது வெளியானது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி இலவசமாகப் பெற்றவர்களின் வேலைத்திறன், பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் அதிகமாக உயர்ந்தது. 2024-இல் வெளியான வங்கதேச ஆய்வில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியது. சில நூறு ரூபாய்ப் பொருள் செய்யும் வேலை இது. தையல், நகை வேலை செய்பவர்கள் கூச்சப்படாமல் கண்ணாடி போடுவதே முதல் வைத்தியம்.

2024 செப்டம்பரில் வெள்ளெழுத்துக்கான ஒரு சொட்டு மருந்து, கண்ணாடியை ஒழித்துவிடும் என்பதுபோல் விளம்பரப்படுத்தப்பட்டது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் அனுமதியை நிறுத்திவைத்தது. விளம்பரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

செலவும் காப்பீடும்

7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. கண்புரை அறுவைக்குக் காத்திருப்புக் காலம் முடிந்த பின் தருவது வழக்கம். எனவே புரை இல்லாதவர் முழுச் செலவையும் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இதற்காக வட்டிக்குக் கடன் வாங்குவதோ, மகளின் நகையை அடகு வைப்பதோ வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. புரை வந்து பார்வை குறைந்தவர் அப்படித் தள்ளிப்போடக் கூடாது. கோவை அரவிந்திலும் சிவானந்தபுரம் சங்கராவிலும் வசதியற்றவர்களுக்கு இலவச அறுவை நடக்கிறது.

அறுவைக்குப் பின் உளூவும் தொழுகையும்

கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லும் நாட்களில் முகம் கழுவும் முறை பற்றி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குனிய வேண்டாம் என்றால் உட்கார்ந்து சைகையால் தொழலாம். சொட்டு மருந்தைப் பல வாரங்கள் விடாமல் இட வேண்டும். கண்ணில் மருந்திடுவது நோன்பை முறிக்காது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலைப்பாடு. எனவே ரமலானில் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, மின்னல்போல ஒளியோ திரை விழுவதுபோலவோ தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. எனக்குப் புரை இருக்கிறதா, இல்லையா?
2. என் விழித்திரையும் கண் அழுத்தமும் எப்படி உள்ளன?
3. என் தொழிலுக்கும் இரவுப் பயணத்துக்கும் எந்த லென்ஸ் பொருந்தும்?
4. அறுவைக்குப் பின்னும் எதற்கெல்லாம் கண்ணாடி தேவைப்படும்?
5. இன்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால் எனக்கு என்ன நஷ்டம்?

ஐந்தாவது கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் அவசரப்பட வேண்டாம், கண்ணாடியோடு காத்திருங்கள். புரை வரும் நாளில் எப்படியும் லென்ஸ் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது உங்கள் தொழிலுக்கு ஏற்ற லென்ஸை நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாப்பானாக. ஆமீன்.