தொழுவத்துத் தூண் ஏன் அடியில் இற்றுப்போகிறது?

மாணவர்களே, இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. பின்னர் ஒரகடத்திலும் இத்தொழில் வளர்ந்தது. கார்த் தொழிற்சாலையில் உருக்குக் கூட்டை வண்ணத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்துவார்கள். இண்டு இடுக்கிலெல்லாம் வண்ணம் படிந்துவிடும். அக்கம்பக்கத்துச் சிற்றூர்களில் மாட்டுக் கொட்டகையைத் தாங்கும் இரும்புக் குழாய்க்கு இந்த உபசாரம் ஏது?

அத்தகைய தூண் ஒன்றை உற்றுப் பாருங்கள். தலைமட்டத்தில் நன்றாகவே இருக்கும். தரையை ஒட்டி, சாணம் குவியும் இடத்தில், துரு செதில் செதிலாக உதிரும். ஒரே இரும்புதானே, ஏன் இந்த வேறுபாடு?

மாட்டுச் சிறுநீரில் யூரியா உண்டு. சாணத்திலுள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்னும் நொதி அதைச் சிதைக்கிறது. ஒரு யூரியா மூலக்கூறிலிருந்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் பிறக்கின்றன. மூக்கைத் துளைக்கும் நெடி இதுதான். நாகமுலாம் பூசிய குழாயும் தப்பாது. துத்தநாகத்தின் மேல் படியும் காப்புப் படலத்தை அம்மோனியா கலந்த நீர் கரைக்கவல்லது. சிறுநீரிலுள்ள உப்புகளோ ஈரத்தை நல்ல மின்கடத்தியாக்குகின்றன.

ஆனால் விந்தை வேறிடத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் இருந்தால்தான் இரும்பு துருப்பிடிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். இங்கோ ஆக்சிஜன் குறைந்த இடம்தான் அரிக்கப்படுகிறது! குவிந்த சாணத்துக்குள் இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியாக்கள் தீர்த்துவிடுகின்றன. சற்று மேலே, காற்றுப்படும் ஈரத்தில் அது தாராளம். ஆகவே ஒரே தூண் ஒரு மின்கலமாகிவிடுகிறது. கீழே இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தூண் வழியே மேலேறி, ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளாக மாறப் பயன்படுகின்றன. ஆக்சிஜன் செலவாவது மேலே. இரும்பு கரைவது கீழே.

இதைப் பள்ளி ஆய்வகத்திலேயே காணலாம். கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் 1920களில் காட்டிய சோதனை இது. உப்புத் தாளால் தேய்த்த உருக்குத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விடுங்கள். அதில் சிறிது பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்திருக்கட்டும். (ஆசிரியர் உடனிருக்க வேண்டும்.) சிறிது நேரத்தில் சொட்டின் ஓரம் இளஞ்சிவப்பாகும், நடுப்பகுதி நீலமாகும். நீலம், இரும்பு கரைவதற்கு அடையாளம். காற்று எளிதில் எட்டாத இடம் நடுப்பகுதிதான் அல்லவா?

புதிதாகக் கொட்டகை போடுவோர் தூணை மண்ணில் புதைக்காமல், ஓரடி உயரக் கான்கிரீட் மேடைமேல் நிறுத்தலாம். நீர் தேங்காதபடி மேடையின் மேற்புறம் சரிவாக இருக்கவேண்டும். பழைய தூணாயின், அடியிலுள்ள சாணத்தை விலக்கிவிட்டு, திருப்புளியால் சுரண்டிப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் பெரியவர்களிடம் சொல்லி, தூணை மாற்றும்வரை மாடுகளை வேறிடத்தில் கட்டச் செய்யுங்கள்.