வண்டிக்கு முன்னால் பிளக் பாயிண்ட்

ஒரகடம் பக்கம் எலக்ட்ரிக் சைக்கிளோ ஸ்கூட்டரோ வாங்கலாமா என்று யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உங்க வீட்டுல பிளக் பாயிண்ட் எங்கே இருக்கு?" பலருக்கு இது வேடிக்கையாகப் படும். ஷோரூமில் எல்லோரும் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று. தினமும் தாம்பரம் போய்வருகிறவருக்கு அது முக்கியம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வாடகைக்கு இருந்து ஷிஃப்டுக்குப் போய்வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் ஓட்டமே பத்துக் கிலோமீட்டரைத் தாண்டாது. அதற்கு எந்த நல்ல வண்டியின் பேட்டரியும் போதும். வாங்கிவிட்டுத் திண்டாடுகிறவர்களை விசாரித்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கும்: சார்ஜ் போடும் இடம், நிறுத்தும் இடம், ஓட்டும் சாலை.

நான் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கணவருக்கு வேறு கம்பெனி, வாரம் ஒரு ஷிஃப்ட். மாத்தூர் பக்கம் லைன் வீடு. ஒரு எலக்ட்ரிக் சைக்கிளும் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் வைத்திருக்கிறோம். மே மாத வெயில், ஐப்பசி மழை, நைட் ஷிஃப்ட் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எந்தத் தூரத்துக்கு எது

இந்தப் பகுதியே கம்பெனி பஸ்ஸை நம்பி வளர்ந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்தது. பின்னாலேயே டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. ஆலை எதுவானாலும் பஸ் பெரும்பாலும் மெயின் ரோட்டில்தான் ஆளை ஏற்றும், மெயின் ரோட்டில்தான் இறக்கும். வாடகை கட்டுப்படியாகும் வீடுகளோ உள்ளே, ஊருக்குள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 படுக்கைகளோடு திறந்த மகளிர் விடுதி மாதிரி இடங்களில் தங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. குடும்பத்தோடு கிராமத்துத் தெருக்களில் இருப்பவர்களுக்குத்தான் பஸ் பாயிண்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று கிலோமீட்டர் நிற்கிறது. பகலில் ஷேர் ஆட்டோ கிடைக்கும். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு மேல் இறங்கினால் நடைதான்.

ஒரே ஆள், மூன்று கிலோமீட்டருக்குள், கையில் சாப்பாட்டுப் பை மட்டும் என்றால் எலக்ட்ரிக் சைக்கிளே தாராளம். வழியில் சார்ஜ் தீர்ந்தாலும் மிதித்து வீடு சேரலாம். ஸ்கூட்டரைத் தள்ளித்தான் ஆக வேண்டும். பின்னால் ஆளை உட்கார வைக்க வேண்டும், வாரச் சந்தைக்குப் போக வேண்டும், கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும், ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்ரீபெரும்புதூருக்கு ஓட வேண்டும் என்றால் ஸ்கூட்டர் வாங்குங்கள். சைக்கிளில் பின் கேரியரைப் பலப்படுத்தி ஆளை ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த மோட்டாருக்கும் பிரேக்குக்கும் அது தாங்காது.

வீட்டு ஓனரும் சப்-மீட்டரும்

லைன் வீட்டில் சார்ஜ் போடுவது கரண்ட் விஷயம் மட்டுமில்லை, ஓனர் விஷயமும்கூட. எங்கள் பக்கம் பல வீடுகளில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறார்கள். ஸ்கூட்டர் வந்த அன்றே ஓனர் அம்மா கேட்டுவிட்டார்: "ஏம்மா, ராத்திரி பூரா சொருகி வச்சா எங்க மீட்டர் என்னத்துக்கு ஆகறது?" வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று, ஸ்கூட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன சப்-மீட்டர் மாட்டினோம். சார்ஜ் போடும் முன் அதில் இருந்த எண்ணை அவர் எதிரிலேயே சுவரில் சாக்பீஸால் எழுதினேன். பேட்டரி அடிமட்டத்திலிருந்து நிறைந்த பிறகு மீட்டரைப் பார்த்தால் மூன்றரை யூனிட் ஏறியிருந்தது. "தண்ணி மோட்டார் போடற மாதிரிதானா? அதுவும் தினம் இல்லையா?" என்றார். கணக்கும் சரிதான். ஒரு எச்.பி. மோட்டார் சுமார் 750 வாட். எங்கள் ஸ்கூட்டரின் சார்ஜரும் ஏறக்குறைய அவ்வளவுதான் இழுக்கிறது. சைக்கிளின் சார்ஜர் இழுப்பது நூறு வாட் அளவு. சீலிங் ஃபேனை விடக் கொஞ்சம் கூடுதல். அதன் பேட்டரியை நிரப்ப அரை யூனிட்கூட ஆகாது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை சுமுகம். வீடு பார்க்கும்போதே இதைப் பேசிவிடுங்கள். குடியேறிய பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

ஸ்கூட்டர் சார்ஜருக்கு எர்த் உள்ள 15 ஆம்பியர் மூன்று பின் பாயிண்ட் வேண்டும். ஃபேன், டிவி போடும் 5 ஆம்பியர் பாயிண்டில் கன்வெர்ட்டர் பிளக் சொருகி ஓட்டுவதும், ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தெருவுக்கு இழுப்பதும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

எங்கே வைத்து சார்ஜ் போடுகிறோம் என்பதில் உயிரே இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க நடந்த இப்படிப்பட்ட தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக இறுக்கினார்கள். வேலையை விட்டு ஊருக்குப் போகிறவர்கள் விற்கும் செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் இங்கே நிறையக் கிடைக்கிறது. அந்த விதிகளுக்கு முந்தைய தயாரிப்பு என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் நான் தொடமாட்டேன்.

லைன் வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரே வாசல். அந்த வாசலை மறித்து வண்டியை நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள். ஏதாவது ஆனால் வெளியே வர வழி வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் சொருகிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது விழித்திருக்கும் நேரத்தில்தான் சார்ஜ். சாயங்காலம் சமைக்கிற நேரம் அதற்குத் தோதாக இருக்கிறது. வெயிலில் ஓட்டி வந்த வண்டியை உடனே சொருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுகிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேல் வைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போகிறோம். சார்ஜ் சுத்தமாக இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் லித்தியம் பேட்டரி கெட்டுவிடும்.

மிச்சம் எவ்வளவு?

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், ஸ்கூட்டர் 45 கிலோமீட்டர் தரும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டே கால் ரூபாய். எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் மூன்றரை யூனிட்டுக்கு 80 கிலோமீட்டர், யூனிட் பத்து ரூபாய் என்றாலும் 45 பைசாவுக்குள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஓட்டம் மாதம் 250 கிலோமீட்டர்தான். மிச்சமாவது மாதம் நானூற்றைம்பது ரூபாய், வருஷத்துக்கு ஐந்தாயிரத்துச் சொச்சம். லட்சத்தைத் தொடும் வண்டிக்கு ஈ.எம்.ஐ. கட்டிக்கொண்டு இதை லாபம் என்று சொல்ல முடியாது. ஓடுகிற பெட்ரோல் வண்டி கையில் இருந்தால், மிச்சத்துக்காக மட்டும் அதை விற்காதீர்கள். வண்டியே இல்லாமல் ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் கொடுக்கிறவருக்கு எலக்ட்ரிக் சைக்கிள் சீக்கிரமே காசைத் திருப்பித் தந்துவிடும். எனக்குக் கிடைத்த பெரிய லாபம் காசில் வராது: ராத்திரி பஸ் பாயிண்டில் யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

லாக்கை எடுத்துத் தருகிறேன் என்பார்கள்

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். சைக்கிள்களும் 'லோ ஸ்பீடு' ஸ்கூட்டர்களும் இந்த வரம்புக்குள்தான் விற்கப்படுகின்றன. அதற்கு மேலே போனால் மற்ற ஸ்கூட்டர் மாதிரியே நம்பர் பிளேட் (இதற்குப் பச்சை), லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் உண்டு. சில கடைகளில் "ஸ்பீடு லாக்கை எடுத்துடறோம், நாற்பது போகும்" என்பார்கள். அப்படி எடுத்தால் அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈட்டை நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். லோ ஸ்பீடு வண்டிக்குச் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயமில்லை என்றாலும் போட்டுக்கொள்ளுங்கள். டிரெய்லருக்கு நம் வண்டியின் வாட் கணக்கு தெரியாது.

மெயின் ரோட்டில்

ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள் கோவில் சாலை கன்டெய்னர் லாரிகளுக்கும், புதுக் கார்களை அடுக்கி ஏற்றிச் செல்லும் கேரியர்களுக்கும் அகலமாகப் போட்ட சாலை. அதில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிளுக்கு இடமே கிடையாது. உள் வழி, சர்வீஸ் ரோடு எது இருந்தாலும், கொஞ்சம் சுற்றானாலும் அதுதான் என் பாதை. யூ-டர்ன் தூரம் என்று ராங் சைடில் வருவதுதான் இங்கே பெரிய ஆபத்து. சைக்கிளில் இருப்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு: இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடலாம். லாரிகளின் முன் இடது பக்கம் டிரைவர் கண்ணுக்குப் படாத இடம். சிக்னலில் அங்கே போய் நிற்காதீர்கள். ராத்திரியில் ஓரமாக விளக்கில்லாமல் நிறுத்திய லாரிகள் இருக்கும். சைக்கிளின் சின்ன லைட்டில் அவை கிட்டே வந்த பிறகுதான் தெரியும். கம்பெனியில் கொடுத்த ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டை பஸ்ஸிலேயே கழற்றி மடித்து வைக்காமல் வீடு வரை போட்டுக்கொண்டு வாருங்கள். எலக்ட்ரிக் வண்டி சத்தம் போடாது. அதனால் தெரு நாய், மாடு, போன் பார்த்தபடி நடப்பவர் எல்லோருக்கும் நீங்கள்தான் மணி அடிக்க வேண்டும்.

நிறுத்துமிடம், மழை, பஞ்சர்

பஸ் பாயிண்டில் விட்டுப்போகும் சைக்கிளுக்கு ஒரு டீக்கடையோ மளிகைக் கடையோ காவலாக இருக்க வேண்டும். மாதம் ஏதோ கொடுத்துப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலிப் பூட்டை மோட்டார் இருக்கும் சக்கரத்தோடும் ஒரு கம்பத்தோடும் சேர்த்துப் போடுங்கள். பேட்டரியைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போகலாமே என்று தோன்றும். கேட்டில் என்ன சொல்வார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவில்லாத பேட்டரியை உள்ளே விடாத ஆலைகள் உண்டு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஞ்ச் அடிக்கும் அவசரத்தில் செக்யூரிட்டியோடு வாதாட நேரம் இருக்காது.

மழையில் வண்டி நனையலாம். முங்கக் கூடாது. ஐபி67 என்ற முத்திரை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்ததைக் குறிக்கும். அந்த முத்திரை பேட்டரிக்கு மட்டும்தானா, மோட்டாருக்கும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சு வரை வந்தால் இறங்கித் தள்ளுங்கள். நனைந்த சார்ஜிங் துளையைத் துணியால் துடைத்து உலரவிட்ட பிறகே பிளக். வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடிக்கவே விடாதீர்கள்.

பஞ்சர் கடையில் ஒரு விஷயம். பின் சக்கரத்தில் மோட்டார் இருக்கும் சைக்கிளைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்தார்: "ஒயர் இருக்குதும்மா, அறுந்தா நான் பொறுப்பில்ல." அவர் பயம் நியாயம். "சக்கரத்தைக் கழட்ட வேணாம்ணா, டயரை ஒரு பக்கம் மட்டும் தூக்கி டியூபை உருவுங்க" என்றேன். சைக்கிளைப் படுக்க வைத்தார். டயரில் முள் ஏறிய இடத்தைச் சுற்றி மட்டும் லீவர் போட்டு, டியூபை ஒரு சாண் அளவு வெளியே இழுத்தார். உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுப் போட்டு உள்ளே தள்ளினார். சக்கரம் அசையவே இல்லை. இதை உங்கள் தெருக் கடைக்காரரிடம் முன்பே பேசி வையுங்கள்.

கம்பெனி செய்யக்கூடியது

2019-ல் கோனா, 2025-ல் க்ரெட்டா என்று ஹூண்டாயின் எலக்ட்ரிக் கார்கள் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்தே வந்தன. ஸ்கூட்டர் ஆலைகளும் இதே பெங்களூர் ரோட்டோரம் ராணிப்பேட்டையிலும் ஓசூரிலும் இருக்கின்றன. இவற்றைச் செய்கிற ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கிப் போகும் இரண்டு கிலோமீட்டருக்குத் தேவைப்படுவது பெரிய சார்ஜிங் ஸ்டேஷன் இல்லை. பஸ் பாயிண்டில் ஒரு தகரக் கொட்டகை, அதில் எர்த் போட்ட பத்துப் பன்னிரண்டு பாயிண்ட், ஷிஃப்டுக்கு ஒரு காவலாளி போதும். நான்கு கம்பெனிகள் சேர்ந்தால் ஆளுக்கு ஆகும் செலவு அற்பம். கேன்டீன் கமிட்டியிலும் வொர்க்ஸ் கமிட்டியிலும் சாப்பாட்டைப் பற்றியும் பஸ் ரூட்டைப் பற்றியும் எழுதிக் கொடுக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். எந்த பஸ் பாயிண்ட், எந்த ஷிஃப்டில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்ற கணக்கோடு கொடுத்தால் எச்.ஆர். தட்டிக்கழிப்பது கஷ்டம்.