புட்டியின் அடியில் ஒரு வடு



நம் சங்க ஏட்டில் கதையும் கவிதையும் குறைவின்றி வருகின்றன. விஞ்ஞானம் படிப்பவர்கள் மட்டும் ஏனோ பேனாவைத் தொடுவதில்லை என்று ஆசிரியர் குறைப்பட்டுக்கொண்டார். குறை நியாயமானதே. ஆகவே இரசாயனம் பயிலும் மாணவனாகிய நான் ஒரு சிறு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தேன். அது பழைய கண்ணாடிப் புட்டி. "காலிப் புட்டியில் என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்ததனால் செய்த தவறு ஒன்றையும் இக்கட்டுரையிலே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

சென்ற விடுமுறையில், வேலூரிலிருந்து வந்த உறவினர்களைச் சாலார் ஜங் மியூசியத்துக்கு அழைத்துச் சென்றேன். ஹைதராபாத்துக்கு வருபவர்கள் பார்க்காமல் போகாத இடம் அது. மூன்றாம் சாலார் ஜங் என்று பெயர் பெற்ற நவாப் மீர் யூசுப் அலி கான் (1889–1949) ஆர்வத்தோடு சேர்த்த பொருள்கள், 1951-ல் முதன்முதலாகத் திவான் தேவடி மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1968-ல் அவை மூசி நதிக்கரையிலுள்ள இப்போதைய கட்டடத்துக்கு வந்தன. முக்காடிட்ட ரெபெக்காள் சிலையின் முன்னும், பொம்மை வந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன்னும் கூட்டம் நெரியும். கண்ணாடிப் பொருள்கள் இருக்கும் பக்கத்திலோ நிம்மதியாக நிற்கலாம்.

உறவினர்கள் கடிகாரத்துக்காகக் காத்திருக்க, நான் அங்கே போய் நின்றேன். வெனிஸ், பொஹீமியா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று பல தேசத்துக் கண்ணாடிகள். ஒவ்வொன்றின் அருகிலும் நாடும் நூற்றாண்டும் எழுதியிருந்தார்கள். அப்போது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. கல்லில் சாசனம் இருக்கும்; நாணயத்தில் அரசன் பெயர் இருக்கும். எழுத்து ஒன்றுமே இல்லாத ஒரு குடுவையின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்த ஐயத்தைத் தொடர்ந்து படித்ததில் தெரிந்துகொண்டவையே பின்வருவன.

மணலும் உப்பும்

கண்ணாடியின் மூலப்பொருள் மணல், அதாவது சிலிக்கா. அதைத் தனியே உருக்க வேண்டுமானால் ஏறக்குறைய 1700 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். பழங்கால உலைகளால் அது ஆகிற காரியமன்று. சோடா உப்பைச் சேர்த்தால் மிகக் குறைந்த உஷ்ணத்திலேயே மணல் இளகிவிடும். ஆனால் மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும்! அதைத் தடுக்கச் சுண்ணாம்பு வேண்டும். மணல், சோடா, சுண்ணாம்பு என்ற இம்மூன்றின் கூட்டே நாம் அன்றாடம் காணும் கண்ணாடி. இந்த அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி நிறத்தைப் பார்ப்போம். மணலில் எப்போதும் சிறிது இரும்பு கலந்திருக்கும். பழைய புட்டிகளின் பச்சை நிறத்துக்கு அதுவே காரணம். எவரும் விரும்பிச் சேர்த்ததன்று. இரும்பு மிகுந்தால் புட்டி கறுப்பாகவே தோன்றும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் கரும்பச்சை என்பது விளங்கும். பச்சையைப் போக்க மாங்கனீஸ் சேர்ப்பார்கள். அந்தப் புட்டி பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தால், புற ஊதாக் கதிரின் வேலையால் மெல்ல ஊதா நிறம் கொள்ளும். கோபால்ட்டு நீலத்தைத் தரும். பொன்னோ சிவப்பைத் தரும்!

பொன் என்றதும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள லைகர்கஸ் கிண்ணத்தைச் சொல்லாமல் விட முடியாது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ரோமானியக் கிண்ணம் அது. வெளியிலிருந்து ஒளி விழுந்தால் பச்சை. உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பு. கண்ணாடியில் பொன்னும் வெள்ளியும் கலந்த மிக நுண்ணிய துகள்கள் இருப்பதே காரணம் என்று விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கும் குறைவானது அத்துகளின் அளவு. செய்த கைக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

தழும்பே சாட்சி

நிறம் அழகைச் சொல்லும். வயதைச் சொல்வது தழும்பு.

சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்திலும் மெசபடோமியாவிலும் களிமண்ணும் சாணமும் கலந்து ஓர் உருவம் செய்து, அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றிச் சிறு குப்பிகள் செய்தார்கள். ஆறிய பின் உள்ளே இருந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒரு குப்பிக்கு எவ்வளவு உழைப்பு! ஆகவே அது செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பக்கத்தில் குழலால் ஊதிக் கண்ணாடி செய்யும் வித்தை தோன்றியது. அதன் பின் கண்ணாடிக் கலம் எளியோர் வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஊதிய புட்டி குழலின் முனையில் ஒட்டியிருக்கும். வாயைச் செப்பனிட வேண்டுமே, என்ன செய்வது? புட்டியின் அடியில் வேறோர் இரும்புக் கோலைச் சிறிது கண்ணாடிக் குழம்பால் ஒட்டுவார்கள். பிறகு குழலை வெட்டிவிட்டு, வாயைக் காய்ச்சி வளைத்து விளிம்பு கட்டுவார்கள். வேலை முடிந்ததும் கோலைத் தட்டி உடைப்பார்கள். உடைந்த இடத்தில் சொரசொரப்பான ஒரு வடு நின்றுவிடும். அது நமக்குத் தொப்புள் போல, பிறந்த விதத்தின் அடையாளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அடியைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி வழக்கத்துக்கு வந்தது. சாதாரணப் புட்டிகளில் வடு மெல்ல மறைந்தது.

அடுத்த அடையாளம் அச்சின் தையல் கோடு. இரு பாதி அச்சுக்குள் ஊதிய புட்டியின் பக்கங்களில் மெல்லிய கோடு ஓடும். அக்கோடு கழுத்தோடு நின்றுவிட்டால், வாயைத் தொழிலாளி கையால் கட்டியிருக்கிறான் என்று பொருள். கோடு விளிம்பின் மேலும் ஏறிச் சென்றால் அது இயந்திரத்தின் வேலை. அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் முழுதும் தானே இயங்கும் புட்டி இயந்திரத்தை உருவாக்கியது 1903-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். ஆகவே விளிம்பில் கோடு கண்டால், "இருநூறு வருஷத்துச் சரக்கு" என்று சொல்லும் வியாபாரியிடம் புன்னகை செய்துவிட்டு வந்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. கோடே இல்லாததால் மட்டும் புட்டி பழையது என்று முடிவு கட்டலாகாது. அச்சுக்குள் புட்டியைச் சுழற்றிக் கோட்டை அழிக்கும் முறையும் உண்டு. அவ்வாறு செய்தால் உடலைச் சுற்றி நுண்ணிய வளையக் கீறல்கள் இருக்கும். ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நீதிமன்றத்துக்கு மட்டுமன்று, புட்டிக்கும் பொருந்தும்.

நம் கோலி சோடாவும் இந்தச் சரித்திரத்தில் ஓர் அங்கமே. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் உரிமை பெற்ற அமைப்பு அது. புட்டியைக் கவிழ்த்து நிரப்பி நிமிர்த்தினால், வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளிக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் இறுக்கிவிடும். தக்கையும் வேண்டாம், மூடியும் வேண்டாம். நாம் கட்டை விரலால் அழுத்தும்போது தோற்கடிப்பது அந்த வாயுவைத்தான். கழுத்தில் இருபுறமும் காணும் பள்ளம், குடிக்கும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல் தாங்குவதற்கு.

கண்ணாடிக்கும் நோய் உண்டு

கண்ணாடி உடையுமே தவிர அழியாது என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. தண்ணீர் கண்ணாடியின் பொறுமையான பகைவன். ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் அயனி, கண்ணாடியிலுள்ள சோடியத்தை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. சோடா இழந்த மேற்பரப்பு, ஏடு ஏடாகச் சிலிக்காத் தோலாக மாறுகிறது. ஒவ்வோர் ஏடும் ஒளியின் அலைநீளத்துக்கு ஒப்பான மென்மை உடையது. ஆகவே சோப்புக் குமிழியில் காண்பது போன்ற வானவில் வண்ணம் அதில் தோன்றும். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த ரோமானியக் குப்பிகள் பொன்னும் மயில்நீலமுமாக மின்னுவது இதனாலேதான். அமெரிக்காவின் டிஃபனி முதலிய கலைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த மினுமினுப்பைப் புதுக் கண்ணாடியில் கொண்டுவர அரும்பாடு பட்டார்கள்.

சுண்ணாம்பு குறைந்த கண்ணாடிக்கு மியூசியப் பெட்டிக்குள்ளும் நோய் வரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்த்ததுபோல் அதன் மேல் துளிகள் அரும்பும். ஈரம் மிகக் குறைந்தால் தோல் காய்ந்து நுண்ணிய விரிசல்கள் பின்னலாக ஓடும். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஈயக் கண்ணாடிக்கு வழிகாட்டிய ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்டின் முதற்கலங்களே இந்த விரிசலுக்கு ஆளாயின. பின்னர்தான் அவர் அளவைத் திருத்திக்கொண்டார். இத்தகைய கலங்களை வைத்த பெட்டியில் ஈரப்பதம் நாற்பது சதவிகிதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கமின்றி இருக்க வேண்டும். வந்த நோயைப் போக்க மருந்தில்லை. மேலும் வளராமல் காக்கலாம், அவ்வளவே.

என் தவறு

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் பாட்டனாரின் தந்தை வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்பைத் தேடிச் செகந்திராபாத் கன்டோன்மெண்டுக்கு வந்தவர். நாங்கள் இன்னும் திருமலகிரியில்தான் இருக்கிறோம். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, வீட்டின் பின்புறம் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள். உடைந்த பீங்கான்களோடு ஒரு முழுப் புட்டியும் வந்தது. மண்ணைத் தட்டியதும் மயில் கழுத்துப் போல மின்னியது. ஏதோ எண்ணெய்க் கசடு என்று நினைத்தோம். ஆயா, அதாவது என் தந்தையின் தாயார், சாம்பலும் தேங்காய் நாரும் கொடுத்து, "நல்லா அழுத்தித் தேயிடா" என்றார். தேய்த்தேன். வெங்காயச் சருகு போல மின்னல் உரிந்து உரிந்து வந்து சாக்கடையில் போயிற்று. கடைசியில் மங்கலான கரும்பச்சைப் புட்டி ஒன்று மிஞ்சியது. சுத்தமாகிவிட்டது என்று மகிழ்ந்தோம். அன்று முதல் அதில் விளக்கெண்ணெய் இருந்து வந்தது.

நான் தேய்த்தது அழுக்கையன்று. அந்தப் புட்டி மண்ணுக்குள் கிடந்த காலத்தையே தேய்த்துவிட்டேன். 1961-ல் ப்ரில், ஹூட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல் இந்த ஏடுகளை எண்ணி வயதைக் கணக்கிடலாம் என்று எழுதினார்கள். அம்முறை நம்பத்தக்கதன்று என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் எண்ணிப் பார்க்க என்னிடம் ஏடு ஒன்றுகூட இல்லையே!

அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடி உட்குழிந்திருந்தது. குழிவின் நடுவில் விரலைக் கீறும் அளவுக்கு ஒரு வடு. பக்கங்களில் தையல் கோடு இல்லை. சுழற்றிய வளையக் கீறலும் இல்லை. செகந்திராபாத்தில் பட்டாளம் தங்கத் தொடங்கியது 1806-ஐ ஒட்டி. அடியில் வடு விழும் முறை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அருகிவிட்டது. ஆகவே இப்புட்டி அவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகலாம். இது ஊகமே, ஆனால் காரணம் உள்ள ஊகம். எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, கூடக் கிடைத்த பீங்கானில் என்ன முத்திரை இருந்தது என்பவை தெரிந்திருந்தால் ஊகம் உறுதியாகியிருக்கும். அவற்றை அன்று யாரும் குறிக்கவில்லை. உரிந்த ஏடுகளைவிட அதுவே பெரிய நஷ்டம்.

ஆயாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எண்ணெய் ஊத்தலாமா, கூடாதா?" என்று கேட்டார். கூடாது என்றேன். இப்போது எண்ணெய் பிளாஸ்டிக் புட்டியில் இருக்கிறது. வாசனை கெட்டுவிட்டதென்று நாள்தோறும் எனக்குத் திட்டு விழுகிறது. பழைய புட்டி அலமாரியில், காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில், கிடைத்த இடமும் ஆண்டும் எழுதிய ஒரு சீட்டு.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுப் பரணிலோ தோட்டத்திலோ பழம் புட்டி ஏதேனும் அகப்படலாம். அதைத் தேய்க்காதீர்கள்; நீரில் ஊறப் போடாதீர்கள். ஒட்டிய மண்ணோடு நிழலில் உலரவிடுங்கள். எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். பிறகு மெல்லக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். வடு இருந்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானும் வந்து பார்க்கிறேன்.