சிறு மீன்பிடிப் படகு நீர்மேல் வழுக்கி ஓடுவதற்கேற்ற உந்துவிசிறி

படகு நீரில் மிதந்து செல்வதும் நீரின்மேல் வழுக்கி ஓடுவதும் ஒன்றல்ல. மெல்லச் செல்லும் படகு, தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கிக்கொண்டு, அணியத்தில் ஓர் அலையையும் அமரத்தில் ஓர் அலையையும் எழுப்பியவாறு செல்கிறது. வேகம் கூடக் கூட அலை முகடுகளுக்கு இடையிலுள்ள தூரம் நீண்டு, ஒரு நிலையில் படகின் நீளத்துக்கே சமமாகிவிடுகிறது. அதற்கு மேலும் விரைய வேண்டுமாயின், தான் எழுப்பிய அலையின்மீது படகு தானே ஏறியாக வேண்டும். இந்த எல்லையைக் கணக்கிடுதல் எளிது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது கிடைக்கும். 7 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இது ஏறத்தாழ 6.4 கடல் மைல். அலைக்கும் கப்பலின் வேகத்துக்குமுள்ள இத்தொடர்பை முறையாக ஆராய்ந்தவர் இங்கிலாந்து நாட்டுப் பொறியியலறிஞர் வில்லியம் ஃபுரூட் ஆவார். அவர் 1872-இல் டார்க்கி நகரில் சோதனைத் தொட்டி அமைத்து, சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்து ஆய்வு செய்தார்.

ஏறுவதற்குப் போதிய சக்தியில்லாத படகு அவ்வலையிலேயே சிக்கிக்கொள்கிறது. இயந்திரத்தை எவ்வளவு முடுக்கினாலும் அமரம் தாழ்ந்து, அணியம் நிமிர்ந்து, எண்ணெய் எரிவதொன்றே மிச்சம். சக்தி போதுமானதாயின், அடிப்பாகம் தட்டையாகவும் பின்புறம் அகன்றும் அமைந்த படகு, இந்தத் ‘திமிலை’த் தாண்டுகிறது. அப்போது அடிப்பாகத்தை மோதும் நீரே அதன் எடையின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அணியம் தாழ்ந்து படகு நேராகிறது. அதே முடுக்கத்தில் வேகம் திடீரென உயர்கிறது. இதுவே வழுக்கோட்டம் எனப்படும்.

1953-இல் இன்றைய கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டத்தின் வழியே பரவிய இயந்திரப் படகுகளுக்கு இப்பிரச்சினை எழவில்லை. அவை படகினுள்ளே டீசல் இயந்திரம் பொருத்தப்பெற்று, நீரை ஒதுக்கி மெல்லச் செல்பவை. 1980-களில் கேரளக் கரையில் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பெருகின. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் மிகுந்தன. இலேசான படகும் வேகமான இயந்திரமும் சேர்ந்தபின், ‘என் படகு ஏன் எழும்பவில்லை?’ என்ற கேள்வி மீன்வளத்துறை ஊழியரிடம் வருவது இயல்பே. பெரும்பாலும் கேட்பவர் இயந்திரத்தையே குறை கூறுவார். குறை உந்துவிசிறியில் இருத்தலும் கூடும்.

உந்துவிசிறியைப் பள்ளி ஆய்வகத்திலுள்ள திருகு அளவியின் துணைகொண்டு மாணவர்க்கு விளக்கலாம். திருகை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது முன்னேறும் தூரம் புரியிடைத் தூரம். உந்துவிசிறியும் ஒரு திருகே; அதன் மரை நீர். ஒரு சுற்றில் அது எவ்வளவு முன்னேற வேண்டுமோ அதுவே அதன் புரியிடை. விசிறியின் குமிழில் பொறிக்கப்பட்டிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டத்தையும் இரண்டாவது புரியிடையையும் வழக்கமாக அங்குலத்தில் குறிக்கும். ஆனால் நீர் உலோக மரையைப் போல் உறுதியாக நிற்பதில்லை, பின்னோக்கி நகர்ந்துவிடுகிறது. ஆகவே கணக்கின்படி செல்லவேண்டிய தூரத்தைவிடப் படகு குறைவாகவே செல்லும். இக்குறைவு நழுவல் எனப்படும். நழுவல் முற்றிலும் இல்லாவிடில் உந்தலும் இல்லை என்பதை ஆசிரியர்கள் வற்புறுத்திக் கூறுதல் நலம்.

நீண்ட திருகே சிறந்தது என்று முதலில் கருதப்பட்டது. 1836-இல் திருகு உந்திக்கு உரிமம் பெற்ற பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், இரண்டு முழுச் சுற்றுள்ள மரத் திருகொன்றைப் படகில் பொருத்திச் சோதித்தார். 1837-இல் ஓட்டத்தின்போது திருகில் பாதி முறிந்துபோயிற்று. படகோ முன்னைவிட வேகமாக ஓடிற்று! உந்துவிசிறியின் வரலாற்றில் கணக்கைவிட நீரில் செய்த சோதனையே முந்திக்கொண்டதற்கு இது நல்ல சான்று. இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை.

விசிறியைத் தேர்ந்தெடுக்குமுன், படகு வழுக்கி ஓடக்கூடியதுதானா என்பதை முடிவு செய்தல் வேண்டும். படகு, இயந்திரம், ஆட்கள், வலை, பனிக்கட்டி, எண்ணெய் ஆகிய அனைத்தின் எடையையும் கூட்டி, இயந்திரத்தின் குதிரைச் சக்தியால் வகுக்க. ஒரு குதிரைச் சக்திக்கு 25 முதல் 30 கிலோகிராம் வரை வருமாயின் படகு எளிதில் எழும்பும். 40-ஐ நெருங்கினால் விசிறியும் சுமையின் வைப்பும் மிகப் பொருத்தமாக இருக்க வேண்டும். 45-க்கு மேற்பட்டால் நம்பிக்கை குறைவு. இவை தோராய அளவுகளே; எனினும் வீண் செலவைத் தடுக்கப் போதுமானவை. 10 குதிரைச் சக்தியுள்ள இயந்திரத்தால் ஒரு டன்னுக்கு மேற்பட்ட படகை எழுப்ப எந்த விசிறியாலும் இயலாது. அவ்வாறு எழுப்பித் தருவதாகக் கூறி விற்கப்படும் விசிறியை வாங்கவேண்டாமென மீனவரிடம் நேராகவே சொல்லிவிடலாம். அத்தகைய படகுக்குக் குறைந்த புரியிடையும் அகன்ற இதழ்களும் உள்ள விசிறியே ஏற்றது. அது மெல்லச் சென்றாலும் சிக்கனமாகச் செல்லும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. 7 மீட்டர் கண்ணாடியிழைப் படகின் எடை 600 கிலோகிராம், 40 குதிரைச் சக்தி பெட்ரோல் இயந்திரம் 75, நான்கு ஆட்கள் 260, வலை 150, பனிக்கட்டி 100, 50 லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 40. மொத்தம் 1,225 கிலோகிராம். குதிரைச் சக்தி ஒன்றுக்கு 31 கிலோகிராம் வருகிறது. முழு முடுக்கத்தில் இயந்திரம் நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்றுகளுக்குள் ஓடவேண்டும் என்பது தயாரிப்பாளர் விதித்த எல்லை எனவும், பற்சக்கரங்கள் அச்சுழற்சியைப் பாதியாகக் குறைக்கின்றன எனவும் கொள்க.

இப்படகில் 13 அங்குலப் புரியிடையுள்ள விசிறி இருக்கிறது. காலையில் புறப்படும்போது இயந்திரம் 4,600 சுற்று ஓடுகிறது. படகு எழும்பி மணிக்கு 18 கடல் மைல் செல்கிறது. சுழற்சி எல்லைக்குள் இருப்பதால் எல்லாம் சரியெனத் தோன்றும். 20 கடல் மைல் தொலைவிலுள்ள மீன்பிடி இடத்தை ஒரு மணி ஏழு நிமிடத்தில் அடைகிறது. முழு முடுக்கத்தில் மணிக்கு 18 லிட்டர் செலவாவதாகக் கொண்டால், 20 லிட்டர் தீர்ந்து 30 லிட்டர் எஞ்சியிருக்கும்.

திரும்பும்போது 400 கிலோகிராம் மீன் ஏறியிருக்கிறது. குதிரைச் சக்திக்கு இப்போது ஏறக்குறைய 40 கிலோகிராம். உயர்ந்த புரியிடையைச் சுழற்ற இயலாமல் இயந்திரம் 4,000 சுற்றில் திணறுகிறது. படகு திமிலைத் தாண்டாமல் 9 கடல் மைலில் உழுதுகொண்டு செல்கிறது. முடுக்கம் முழுதும் திறந்திருப்பதால் எண்ணெய்ச் செலவு மட்டும் அதிகமாகக் குறைவதில்லை. எஞ்சிய 30 லிட்டர் ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கே போதும். அதற்குள் படகு 15 கடல் மைல்தான் கடந்திருக்கும். கரைக்கு 5 கடல் மைல் முன்னதாகவே இயந்திரம் நின்றுவிடும். காற்றும் அலையும் மிகுந்த நாளாயின், நான்கு உயிர்களின் நிலையை விவரிக்க வேண்டுவதில்லை. காலையில் வெறும் படகை ஓட்டிப் பார்த்து ‘நன்று’ எனக் கொண்ட முடிவின் விளைவு இது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடலாம். புரியிடையை அங்குலத்தில் எடுத்து, விசிறியின் நிமிடச் சுழற்சியால் பெருக்கி, 1,215 ஆல் வகுத்தால், நழுவல் இல்லாத வேகம் மணிக்கு கடல் மைலில் கிடைக்கும். 13 அங்குல விசிறி 2,000 சுற்றில் 21.4 கடல் மைல் செல்லவேண்டும், சென்றதோ 9. நழுவல் 58 விழுக்காடு. சுமையுடன் எழும்பி ஓடும் இத்தகைய வேலைப் படகில் 20 முதல் 30 விழுக்காடு வரை நழுவல் இருத்தல் இயல்பு. அதற்கு மேல் வெகுவாக உயர்ந்தால் படகு எழும்பவில்லை என்றோ, விசிறி காற்றை இழுக்கிறது என்றோ பொருள். புரியிடையை ஓர் அங்குலம் குறைத்தால் இயந்திரச் சுழற்சி சுமார் 150 முதல் 200 வரை உயரும் என்பது அனுபவ விதி. 11 அங்குல விசிறியை மாட்டினால் புறப்படும்போது சுழற்சி 5,000. வேகம் அதே 18 கடல் மைல், நழுவல் 20 விழுக்காடு. வேகம் கூடவில்லையே எனச் சிலர் ஏமாற்றமடையக்கூடும். ஆதாயம் திரும்பும் வழியில் தெரியும். மீன் சுமையோடும் இயந்திரம் 4,700 சுற்றுக்கு ஏறி, படகு திமிலைத் தாண்டி 15 கடல் மைல் ஓடும். திரும்பும் பயணத்துக்கு 24 லிட்டர் போதும். சுமையே இல்லாத ஓட்டத்தில் சுழற்சி 5,400 அளவில் நிற்குமாயின், மேல் எல்லையும் மீறப்படுவதில்லை.

அப்போதும் கையிருப்பு 6 லிட்டரே என்பதைக் கவனிக்க. எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை இடருக்கென ஒதுக்கும் மாலுமிகளின் வழக்கப்படி, இப்படகு 66 லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லவேண்டும்.

ஆகவே ஊழியர் செய்யவேண்டிய சோதனை இதுவே: வழக்கமான மீன் சுமைக்கு ஈடாக மணல் மூட்டைகளையோ நீர்க் கலங்களையோ ஏற்றி, அலையடங்கிய இடத்தில் முழு முடுக்கத்தில் ஓட்டி, சுழற்சிமானியைப் பார்த்தல் வேண்டும். சுழற்சி கீழ் எல்லைக்குக் குறைந்தால் புரியிடையைக் குறைக்க. வெறும் படகில் மேல் எல்லையை மீறினால் கூட்டுக. கீழ் எல்லைக்குள் திணறும் இயந்திரம் வெப்பமுற்று, கரி படிந்து, காலத்துக்கு முன்பே பழுதாகும். வேகத்தை ஜி.பி.எஸ். கருவியால் அளக்கும்போது போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுத்தால் நீரோட்டத்தின் பிழை நீங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை மாற்றினால் பயன் எதனால் விளைந்ததென அறிய முடியாது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை அதே எண்ணெயில்தான் சோதிக்க வேண்டும், பெட்ரோலில் அன்று. ஏனெனில் அதன் சக்தி பெட்ரோலில் கிடைப்பதைவிடக் குறைவு.

விசிறியை மாற்றுமுன் செலவில்லாத சில காரியங்கள் உண்டு. விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு, படகின் அடிவிளிம்பின் மட்டத்தை ஒட்டி இருத்தல் வேண்டும். மிக உயர்ந்திருந்தால் விசிறி காற்றை இழுத்து வெற்றாகச் சுழலும். மிகத் தாழ்ந்திருந்தால் இயந்திரக் கால் நீரைத் தடுக்கும். எண்ணெய்க் கலனும் பனிக்கட்டிப் பெட்டியும் அமரத்திலேயே குவிந்திருந்தால், ஒன்றை நடுவுக்கு நகர்த்தியதுமே படகு எழும்புதல் உண்டு. அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிவிடுவதும், தளத்தின் கீழ்த் தேங்கிய நீரை இறைப்பதும் பலமுறை புது விசிறியின் விலையை மிச்சப்படுத்தும்.

மூன்று இதழ் விசிறியே சாதாரணமாகப் போதும். நான்கு இதழுள்ளது குறைந்த வேகத்திலும் நீரை நன்கு பற்றிப் படகை எழுப்பும். உச்ச வேகம் சற்றுக் குறையும். மீன் சுமக்கும் படகுக்கு அது நட்டமன்று. மணற்கரையில் ஏறியிறங்கும் படகுகளுக்கு அலுமினிய விசிறி ஏற்றது. கல்லில் மோதினால் இதழ் வளைந்து, விலையுயர்ந்த பற்சக்கரங்கள் தப்பும் வாய்ப்பு அதிகம். துருப்பிடியாத எஃகு நெடுநாள் உழைக்கும். ஆனால் மோதலின் அதிர்ச்சியை உள்ளே கடத்திவிடும்.

மணல் தேய்த்துக் குமிழிலுள்ள எண்கள் அழிந்துவிட்ட விசிறியின் புரியிடையை வகுப்பறையிலேயே கண்டுபிடிக்கலாம். விசிறியை மேசைமீது தட்டையாக வைத்து, மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் இதழின் குறுக்கே ஒரு வளைகோடு வரைக. அக்கோட்டின் இரு முனைகளும் மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என அளந்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்க. இரு முனைகளிலிருந்தும் தூக்குநூலை மேசைக்கு இறக்கி, நூல்கள் தொட்ட இடங்களை இணைக்கும் வட்ட வில்லின் நீளத்தையும் அளக்க. உயர வித்தியாசம் 4 சென்டிமீட்டர், வில்லின் நீளம் 9 சென்டிமீட்டர் எனில், 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவாகிய 62.8-ஐ 4 ஆல் பெருக்கி 9 ஆல் வகுக்க. விடை 27.9 சென்டிமீட்டர், அதாவது 11 அங்குலம். ஒவ்வோர் இதழையும் தனித்தனியே அளந்து பார்த்தால், வளைந்த இதழ் எது என்பதும் புலப்படும். அவ்வாறு வளைந்த இதழ் படகை நடுங்கச் செய்வதோடு, அச்சின் தாங்கிகளையும் தேய்த்துவிடுமாதலின், அதைச் செப்பனிட்ட பின்னரே மேற்கூறிய ஓட்டச் சோதனையைத் தொடங்குதல் வேண்டும்.