முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவோம்



நம்ம பிள்ளைகள் கல்யாணப் பேச்சைத் தொடங்கினால் முதலில் மண்டபம், பிறகு மேக்கப், போட்டோ, சாப்பாடு. அந்த ஒரு நாளை யார் எப்படி நடத்துவது என்ற கேள்வி கடைசி வாரத்தில்தான் வருகிறது. இந்தப் பாடத்தில் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து ஈப்போவுக்கு வந்தவன். தோட்டத்துக் கல்யாணத்துக்கு யாரும் நேரப் பட்டியல் எழுதியதில்லை. பந்தல் போடுவது ஒரு கூட்டம், காய் நறுக்குவது ஒரு கூட்டம், பந்தி பரிமாறுவது இளவட்டங்கள். யாருக்கு எந்த வேலை என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரம்தான். இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. பெண் வீடு சுங்கை சிப்புட்டில், மாப்பிள்ளை வீடு சித்தியவானில், கோயில் புந்தோங்கில், விருந்து வேறொரு மண்டபத்தில். பெரியவர்கள் தலையில் இருந்த பட்டியலை இப்போது நாம்தான் தாளில் எழுத வேண்டும்.

1. எந்த ஊர் நேரம்?

1 நாழிகை 24 நிமிடம். 2 நாழிகை சேர்ந்தால் 1 முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். பத்திரிகையில் "9.00 முதல் 10.30 வரை" என்று போடுவது தாலி கட்ட ஏற்ற நல்ல வேளை.

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் திதியும் நட்சத்திரமும் முடிகிற நேரம் இந்திய நேரம். நமக்கு 2 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். ஆனால் ராகுகாலத்துக்கும் லக்னத்துக்கும் அப்படிக் கூட்டினால் சரிவராது. அவை அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுபவை. ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 வரை ராகுகாலம் என்று நாம் மனப்பாடம் செய்தது, சூரியன் காலை 6 மணிக்கு உதிப்பதாக வைத்த கணக்கு. ஈப்போவில் சூரியன் உதிப்பது 7 மணிக்கும் 7.30க்கும் இடையில். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதும் இதற்கு ஒரு காரணம்.

ஆகவே பத்திரிகை அச்சடிக்கும் முன்பே குருக்களிடம் கேட்டுவிடுங்கள்: "சாமி, இது நம்ம ஊருக்குக் கணக்குப் பண்ண நேரம்தானா?"

2. பின்னோக்கி எண்ணுங்கள்

காலையில் எழுவதிலிருந்து எழுதத் தொடங்கினால் ஒவ்வொரு தாமதமும் தாலி நேரத்தைத் தள்ளும். முகூர்த்தத்தை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னால் வாருங்கள். ஞாயிறு 9.00 - 10.30 என்று வைத்துக்கொள்வோம்.

10.30 - முகூர்த்தம் முடிவு
9.50 - திருமாங்கல்யதாரணம் (40 நிமிடம் கையிருப்பு)
9.15 - பெண் கூறைச்சேலை மாற்றப் போகிறாள்
8.30 - பிள்ளையார் பூசை, காப்பு கட்டுதல்
8.00 - மேளத்துடன் மாப்பிள்ளை வரவேற்பு
7.50 - பெண் கோயிலுக்குள்
7.00 - சுங்கை சிப்புட்டிலிருந்து கார் புறப்பாடு
6.40 - வீட்டில் சாமி கும்பிட்டு, பெரியவர்கள் காலில் விழுதல்
4.30 - அலங்காரம்
4.00 - குளியல், கொஞ்சம் சாப்பாடு

பெரும்பாலும் நேரம் நழுவுவது கூறைச்சேலை மாற்றும்போதுதான். 25 நிமிடமாவது ஒதுக்குங்கள். அந்த அறையில் புடவை கட்டுபவரும் ஒரு தோழியும் போதும். நாலு மணிக்கு எழுவதா என்று முகம் சுளிக்காதீர்கள். இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்!

3. நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

நான் போயிருந்த ஒரு கல்யாணத்தில் எல்லாம் அழகாக நடந்தது. முகூர்த்தம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது குருக்கள் தாலியைக் கேட்டார். தாலி இருந்த பை காரில். காரோ மாலை எடுக்கப் போயிருந்தது. பெண்ணின் அப்பா கோயில் வாசலுக்கு ஓடியதை நான் மறக்கவில்லை. அந்த வீட்டிலும் நேரப் பட்டியல் இருந்தது. மணிக்கு மணி எழுதியிருந்தார்கள். யார் பொறுப்பு என்று மட்டும் எழுதவில்லை.

அதனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் வேண்டும். "பெண் வீட்டார்" என்று எழுதாதீர்கள், "சின்ன மாமா" என்று எழுதுங்கள். தாலி, மெட்டி, கூறைச்சேலை ஒருவர் பொறுப்பு. மாலையும் உதிரிப்பூவும் இன்னொருவர். அம்மி, தேங்காய், வெற்றிலை பாக்கு மற்றொருவர். மாப்பிள்ளைத் தோழன் மாப்பிள்ளையை விட்டு நகரக் கூடாது. பெண் தோழியும் அப்படியே. பட்டியல் முழுவதையும் கையில் வைத்திருப்பவர் ஒரே ஒருவர். அவர் பெற்றோராக இருக்கக் கூடாது. அவர்கள் அன்றைக்கு மணவறையில் நிற்க வேண்டியவர்கள்.

போட்டோக்காரரிடம் முதல் நாளே பேசுங்கள். "தாலி கட்டும்போது பாட்டிக்கு மறைக்காம நில்லுங்க அண்ணே" என்றால் கேட்டுக்கொள்வார். வேனில் வந்த தோட்டத்துப் பெரியவர்களுக்கு முன்வரிசை நாற்காலி, அவர்கள் திரும்பிப் போக வண்டி, இரண்டும் பட்டியலில் இருக்கட்டும்.

4. தாலிக்குப் பிறகு

ஏழடி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் முடியும்வரை மேடைக்கு யாரும் மொய் உறையோடு ஏற வேண்டாம் என்று நல்லபடியாக அறிவித்துவிடுங்கள். தாலி கட்டியதும் கூட்டம் மேடைக்கு வந்தால் மீதிச் சடங்கு அவசரத்தில் போய்விடும்.

சட்டப்படி பதிவும் முக்கியம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் திருமணச் சட்டப்படி, கோயிலில் தாலி கட்டினாலும் பதிவு கட்டாயம். ஜேபிஎன்னில் மனுக் கொடுத்தபின் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. எனவே இதை மாதக் கணக்கில் முன்கூட்டியே தொடங்குங்கள். கோயிலிலேயே துணைப் பதிவதிகாரி முன் கையெழுத்திடுவதானால் 20 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு சாட்சிகளின் பெயரும், எல்லாருடைய அடையாள அட்டையும் யாரிடம் என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

மதியம் 12 மணிக்கு ஒரு வரி: "மணமக்கள் சாப்பாடு." அதற்குக் கீழே இன்னொரு வரி: "இரண்டு அம்மாக்களும் சாப்பிட்டார்களா? பார்ப்பவர்: அண்ணி." எல்லாரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, நம்ம அம்மாக்கள் மாலைவரை வெறும் காப்பியோடு நிற்பது வழக்கமாகிவிட்டது. அதை மாற்றுவது நம்ம கையில்.

கிளைக் கூட்டத்துக்குப் பயிற்சி

மூவர் மூவராகப் பிரிந்து, உங்கள் குடும்பத்தில் அடுத்து வரும் கல்யாணத்துக்கு ஒரு பக்கப் பட்டியல் எழுதுங்கள். பிறகு அதை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, "எங்க குடும்ப வழக்கத்தில் எது விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் சேர்த்து எழுதிக் கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.