திருத்தாமல் விடவும் தெரிய வேண்டும்

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஆசிரியர் ஓய்வறையில் மேசை தெரியாது, விடைத்தாள் கட்டுகள்தாம் தெரியும். ஊருக்குப் போகிற பேருந்தில்கூட ஒரு கட்டு மடியில் ஏறிக்கொள்ளும். சாதாரண நாளிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. பிரிவுக்கு 40 பேர், கையில் ஐந்து பிரிவு என்றால் 200 நோட்டு. நோட்டுக்கு இரண்டே நிமிடம் என்று கணக்குப் போட்டாலும் 6 மணி 40 நிமிடம் ஆகிறது. ஒரு முழுப் பள்ளி நாள் போயிற்று. கட்டுரை நோட்டாக இருந்தால் இரண்டு நிமிடம் எந்த மூலைக்கு?

வேகமாகத் திருத்துவது எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பேனாவை வேகமாக ஓட்டி மிச்சம் பிடிக்கும் நேரம் கொஞ்சம்தான். எதைத் திருத்த வேண்டும், யாருக்காகத் திருத்துகிறோம் என்பதில் நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நம்பிக்கைகள்தாம் மாலை நேரங்களைத் தின்கின்றன.

நம்பிக்கை: பிழை ஒன்றையும் விடாமல் வட்டமிட்டு, சரியான வடிவத்தையும் எழுதிக் கொடுப்பவரே நல்ல ஆசிரியர்.

உண்மை: அப்படிச் செய்தால் பயிற்சி ஆசிரியருக்குத்தான் கிடைக்கிறது. எட்டாம் வகுப்பில் மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு கட்டுரை. ‘மலை பெய்தது’, ‘தன்னீர்’, ‘கிணரு’, ‘சேமித்து கொள்ள வேண்டும்’ என்று வரிக்கு ஒன்றாகப் பிழை. ஆசிரியர் ஒவ்வொன்றையும் சுழித்து, மேலே திருத்தி எழுதுகிறார். பையன் நோட்டை வாங்குகிறான், கடைசிப் பக்கத்தைப் புரட்டி மதிப்பெண்ணைப் பார்க்கிறான், பைக்குள் போடுகிறான். அடுத்த கட்டுரையிலும் ‘மலை’தான் பெய்யும்.

அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர் ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983-இல் வேறொரு வழியைப் பற்றி எழுதினார். எழுத்து, நிறுத்தக்குறி போன்ற மேற்பரப்புப் பிழை உள்ள வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடுவார். எந்தச் சொல், என்ன பிழை என்று சொல்லமாட்டார். கண்டுபிடித்துத் திருத்துவது மாணவர் வேலை. பத்தில் ஆறு பிழைகளை அவர்களே சரிசெய்துவிட்டார்கள் என்பது அவர் கண்ட கணக்கு. அதாவது, பாதிக்கு மேற்பட்டவை அறியாமையால் வந்த பிழைகள் அல்ல, கவனிக்காததால் வந்தவை.

நம் எட்டாம் வகுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஓரக்கோட்டில் சின்னக் கோடு போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்து, வகுப்பிலேயே பத்து நிமிடம் விடுங்கள். ‘மலை’, ‘கிணரு’ இரண்டும் பெரும்பாலும் மாணவன் கண்ணிலேயே பட்டுவிடும். ‘சேமித்து கொள்ள’ படாது. அங்கே ஒற்று மிகும் என்பது அவனுக்குத் தெரியாது. வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது என்றால் அது நாற்பது நோட்டிலும் க் எழுதித் தீர்க்கிற சங்கதியல்ல. வன்தொடர்க் குற்றியலுகர வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும் என்று கரும்பலகையில் ஒருமுறை பாடமாக நடத்த வேண்டியது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைக்கு இந்த ஓரக்கோடு உதவாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவனோடு உட்காரத்தான் வேண்டும். உட்கார நேரம் வேண்டுமானால் மற்றவர்கள் நோட்டில்தான் மிச்சம் பிடித்தாக வேண்டும்.

இலக்கணத் திருத்தமே வீண் என்று 1996-இல் ஜான் ட்ரஸ்காட் என்ற ஆய்வாளர் ஒரே போடாகப் போட்டார். இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களைப் பற்றிய வாதம் அது. டேனா ஃபெர்ரிஸ் என்ற இன்னோர் ஆய்வாளர் மறுத்து எழுதினார். அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. ட்ரஸ்காட் அளவுக்கு நான் போகமாட்டேன்.

நம்பிக்கை: மதிப்பெண்ணும் போட்டு, பக்கத்தில் குறிப்பும் எழுதினால் இரட்டைப் பயன்.

உண்மை: ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், இன்னொன்றுக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தாம் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். எண் கண்ணில் பட்டதும் எழுத்து மங்கிவிடுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை எளிது. பதிவேட்டுக்கு மதிப்பெண் வேண்டிய தேர்வா? மதிப்பெண் மட்டும் போட்டு முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை திருத்தி எழுத வேண்டிய கட்டுரையா? குறிப்பு மட்டும் எழுதுங்கள். ‘கவனம் தேவை’, ‘இன்னும் முயற்சி செய்’, ‘நன்று’ என்பவை குறிப்பில் சேராது. எதில் கவனம், எப்படி முயற்சி என்று அவை சொல்வதில்லை. ஆனாலும் இருநூறு நோட்டில் எழுத அரை மணிக்கு மேல் ஆகும்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நோட்டுகளைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கும் பொதுவான மூன்று பிழைகள், வாசித்துக் காட்டத் தக்க இரண்டு பத்திகள், தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டிய பிள்ளைகளின் பெயர்கள், அவ்வளவுதான். மறுநாள் வகுப்பின் முதல் பத்து நிமிடம் அந்தத் தாள்தான் பாடம். நாற்பது நோட்டில் ஒரே வாக்கியத்தை எழுதும் வேலை அதோடு தீர்ந்தது.

நம்பிக்கை: ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை முடித்துவிட்டுத்தான் அடுத்த தாளை எடுக்க வேண்டும்.

உண்மை: பொதுத்தேர்வு முகாமில் தாள் தாளாகத்தான் ஓடும். உதவித் தேர்வாளர், கூர்ந்தாய்வாளர், முதன்மைத் தேர்வாளர் என்று தாள் கைமாறுகிற ஏற்பாடு அது. பள்ளித் தேர்வுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் 15, பிறகு குறுவினா, சிறுவினா, ஐந்து மதிப்பெண் வினாக்கள், கடைசியில் எட்டு மதிப்பெண் நெடுவினா மூன்று. தாள் தாளாகப் போனால் ஒவ்வொரு தாளிலும் விடைக்குறிப்பை மனத்தில் புதிதாக ஏற்ற வேண்டும். வினா வினாவாகப் போய்ப் பாருங்கள். எல்லாத் தாளிலும் முதல் நெடுவினாவை மட்டும் திருத்துங்கள். ஐந்தாவது தாளுக்கு மேல் விடைக்குறிப்பைப் பார்க்கத் தேவையிராது. எந்தக் கருத்து இருக்கிறது, எது விட்டுப்போயிற்று என்று கண் தானே தேடும்.

வேகத்தைவிடப் பெரிய லாபம் நியாயம். ஒருவரின் ஒரு குணத்தைப் பற்றிய எண்ணம் மற்ற குணங்களை மதிப்பிடும்போதும் ஒட்டிக்கொள்கிறது என்று உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல் காட்டினார். முதல் பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தும் பதினைந்துக்குப் பதினைந்தும் பார்த்த கண், சுமாரான நெடுவினாவுக்கும் தாராளமாகப் போட்டுவிடும். வினாவாரியாகத் திருத்தினால் முன்பக்கம் கண்ணில் படுவதில்லை. அடுத்த வினாவுக்குப் போகுமுன் கட்டைக் கலைத்து அடுக்குங்கள். இல்லாவிட்டால் நாம் களைத்துப்போகிற நேரத்தில் மாட்டுவது எப்போதும் அதே கடைசி நாலு பிள்ளைகளாக இருக்கும்.

‘நான் அனுபவசாலி, என் கை தவறாது’ என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1913-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே வடிவியல் விடைத்தாளின் படிகளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். 28 போட்டவரும் உண்டு, 90-க்கு மேல் போட்டவரும் உண்டு. கணக்குக்கே இந்தக் கதி. எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள ஆகும் கால் மணி நேரத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். பிறகு ‘இதற்கு அரை போடலாமா’ என்று ஒவ்வொரு தாளிலும் தயங்கும் நேரத்தை அது காப்பாற்றும்.

நம்பிக்கை: பிள்ளைகளையே திருத்தச் சொல்வது சோம்பேறித்தனம்.

உண்மை: ஸ்லிப் டெஸ்ட், சொல்வதெழுதுதல், ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு இதுவே சிறந்த வழி. படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே மறதியைக் குறைக்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். ஆசிரியர் கையெழுத்து இல்லாமலேயே அந்தப் பலன் கிடைத்துவிடுகிறது. சரியான விடை உடனே தெரிந்தால் போதும். பக்கத்துப் பிள்ளையிடம் மாற்றிக் கொடுப்பதைவிடத் தன் தாளைத் தானே திருத்துவது நல்லது, கேலிக்கு இடமிருக்காது. அந்த மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் பேனா தானாக நகர்ந்து விடையை மாற்றும்.

நம்பிக்கை: இனி எல்லாவற்றையும் கணினி திருத்திவிடும்.

உண்மை: இது 1966-லிருந்து கேட்கிற பேச்சு. அந்த ஆண்டே எல்லிஸ் பேஜ் என்ற ஆய்வாளர் கணினியால் கட்டுரைக்கு மதிப்பெண் போடும் திட்டத்தை முன்வைத்தார். 2014-இல் எம்.ஐ.டி.யின் லெஸ் பெரல்மன், பொருளே இல்லாத கட்டுரைகளைத் தயாரிக்கும் ஒரு நிரலை வைத்து, அப்படிப்பட்ட இயந்திரங்களிடம் உயர்ந்த மதிப்பெண் வாங்கிக் காட்டினார். இன்றைய செயலிகள் அவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமானவைதாம். வினாத்தாள் தயாரிக்கவும் விடைக்குறிப்பு வரையவும் பயன்படுத்துங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தமிழ்க் கையெழுத்தைப் படம் பிடித்து, பெயரோடு ஏற்றி, வந்த மதிப்பெண்ணை அப்படியே எழுதுவது மட்டும் வேண்டாம்.

நம்பிக்கை: ஆய்வுக்கு வருபவர் பக்கத்துக்குப் பக்கம் டிக் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

உண்மை: இதைப் பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். நம் திருத்தத்தில் கணிசமான பங்கு பிள்ளைக்காக நடப்பதில்லை. தலைமையாசிரியர் கண்ணுக்கும் ஆய்வு அலுவலர் கண்ணுக்கும் பெற்றோர் கண்ணுக்கும் நடக்கிறது. படிக்காமலே பக்கமெல்லாம் இழுத்த டிக்கும் தேதியும் அந்தக் கணக்கில்தான் வரும். இங்கிலாந்திலும் இதே நோய் இருந்தது. 2016-இல் அங்கே அரசு அமைத்த பணிச்சுமைக் குழு, எழுதுகிற அளவைத் தரம் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது, திருத்தம் பொருளுள்ளதாகவும் ஆசிரியரால் தாங்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. இத்தனை நாளுக்கு ஒருமுறை, இத்தனை பக்கம் என்றெல்லாம் தாங்கள் எதிர்பார்ப்பதில்லை என்று அந்நாட்டு ஆய்வுத்துறையான ஆஃப்ஸ்டெட்டும் வெளிப்படையாக அறிவித்தது.

நம் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நோட்டு ஆய்வின்போது டிக்குகளை எண்ண வேண்டாம். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, போன கட்டுரையில் என்ன பிழை, இதில் அதை எங்கே சரிசெய்திருக்கிறாய் என்று கேளுங்கள்.